போர்டு ஒன்று, பஸ் போவது வேறு ஊர்! - போலி லிங்க் மெயில்களை வீட்டிலேயே வடிகட்டலாம்

'அன்புள்ள ஓய்வூதியதாரரே, உங்கள் வாழ்நாள் சான்றிதழ் சரிபார்க்கப்படவில்லை. இன்று நள்ளிரவுக்குள் கீழே உள்ள லிங்க்கை அழுத்திப் புதுப்பிக்காவிட்டால் ஓய்வூதியம் நிறுத்தப்படும்.'

இந்த வகை மெயில் யாரைக் குறிவைக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, கடலூர் மாவட்டத்தின் மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஓர் ஊரை நினைத்துப் பார்த்தால் போதும். ஒரு பக்கம் நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை, இன்னொரு பக்கம் பண்ருட்டியின் பலாவும் முந்திரியும். கொஞ்சம் தள்ளி நெய்வேலி. 1956-ல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில், அதாவது இன்றைய என்.எல்.சி. இந்தியாவில், வேலை பார்ப்பவர்கள் ஓய்வுபெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். சுற்றுவட்டார ஊர்களில் வீடு கட்டிக் குடியேறுவது வழக்கம். கையில் பி.எஃப்., கிராஜுவிட்டி என வாழ்நாள் உழைப்பின் மொத்தத் தொகை. பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ. அப்பாவின் போனில் ஒரு ஜிமெயில் கணக்கு. அதை ஆரம்பித்துக் கொடுத்தது மகனாக இருக்கும், பாஸ்வேர்டும் மகனுக்குத்தான் தெரிந்திருக்கும். ஆனால், வரும் மெயிலைத் திறப்பது அப்பா.

அதே பகுதியில் இன்னொரு கூட்டமும் மெயிலைத் திறந்து திறந்து பார்க்கிறது. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேலைக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள், அப்ரன்டிஸ் விண்ணப்பம் போட்டிருக்கும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகள். 'உங்கள் பணி ஆணை தயார், இங்கே கிளிக் செய்து பதிவிறக்கவும்' என்று வந்தால் எத்தனை பேருக்குக் கை நிற்கும்?

ஏமாறுபவர்களுக்கு விவரம் போதாது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது நியாயமில்லை. எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒன்றின் பெயரில் வரும் பொய்யை யாரும் சட்டென்று சந்தேகிக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வேலையை மனிதக் கண்ணிடம் மட்டும் விடாமல், பாதியையாவது மெயில்பெட்டியின் ஃபில்டரிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போர்டு வேறு, ரூட் வேறு

கடலூர் பஸ் ஸ்டாண்டில் 'பண்ருட்டி' போர்டு மாட்டிய பஸ்ஸில் ஏறினால் நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழியாகப் பண்ருட்டி போய்ச் சேர்வோம். போர்டை நம்பித்தான் ஏறுகிறோம். ஆனால், பஸ் எங்கே போகிறது என்பதைத் தீர்மானிப்பது போர்டு அல்ல, ஓட்டுநர்.

மெயிலில் உள்ள லிங்க்கும் அப்படித்தான். ஒவ்வொரு லிங்க்கிலும் இரண்டு பாகங்கள் உண்டு. கண்ணுக்குத் தெரியும் எழுத்து ஒன்று. அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்ற முகவரி மற்றொன்று, அது உள்ளே மறைந்திருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. 'வருமான வரித் துறை இணையதளம்' என்று நீல எழுத்தில் எழுதிவிட்டு, உள்ளே எங்கோ ஒரு மோசடிப் பக்கத்தின் முகவரியை வைக்கலாம். இன்னும் துணிந்தவர்கள், துறையின் உண்மையான முகவரியையே எழுத்துப் பிசகாமல் மேலே எழுதிவிட்டு, உள்ளே வேறொன்றை வைப்பார்கள். கம்ப்யூட்டரில் லிங்க்கின் மேல் மவுஸைக் கொண்டுபோய் நிறுத்தினால், திரையின் கீழ் இடது மூலையில் உண்மையான முகவரி தெரியும். போனில் லிங்க்கை விரலால் அழுத்திப் பிடித்தால் தெரியும். தட்டிவிடக் கூடாது, பிடித்திருக்க வேண்டும். வயதானவர்களின் விரலுக்கு இது அவ்வளவு எளிதல்ல.

அப்படியே பார்த்துவிட்டாலும், அந்த முகவரியைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் ஊர்த் தபால் முகவரியைப் போலத்தான் இதுவும். முதலில் ஆள் பெயர், பிறகு தெரு, ஊர், கடைசியில் மாவட்டம். கடிதம் எந்த மாவட்டத்துக்குப் போகிறது என்பதைக் கடைசி வரிதான் சொல்லும். 'நெய்வேலி தெரு' என்று ஒரு தெரு டெல்லியில் இருந்தால், அது நெய்வேலி ஆகிவிடாது. இணைய முகவரியில், தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்வுக்கோட்டுக்கும் அடுத்து வரும் ஒற்றைச் சாய்வுக்கோட்டுக்கும் இடையில் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். 'எஸ்பிஐ.பேங்க்.இன்' என்று முடிந்தால் அது ஸ்டேட் பேங்க். 'எஸ்பிஐ.பேங்க்.இன்.வெரிஃபை-கேஒய்சி.டாப்' என்று நீண்டால், அது 'வெரிஃபை-கேஒய்சி.டாப்' என்ற பெயரை வாங்கிய யாரோ ஒருவருடையது. முன்னால் இருக்கும் எஸ்பிஐ வெறும் தெருப் பெயர்.

வேஷங்கள் இதோடு முடிவதில்லை. முகவரியின் நடுவில் '@' குறியைப் போட்டால், அதற்கு முன்னால் இருப்பதை பிரவுசர் பயனர் பெயராக எடுத்துக்கொண்டு, பின்னால் இருக்கும் இடத்துக்குப் போகும். ஆங்கிலச் சிறிய எழுத்து 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்தால் 'எம்' போலவே தெரியும். சுருக்க லிங்க்கில் போகும் இடம் தெரியவே தெரியாது. க்யூ.ஆர். கோடு அனுப்பினால், மவுஸை வைத்துப் பார்க்கவும் வழியில்லை.

இவற்றில் மிகவும் நுட்பமானது எழுத்து மாற்றும் வேலை. ரஷ்ய மொழியின் சிரிலிக் எழுத்துகளில் சில, ஆங்கில எழுத்துகளின் அச்சு அசல் இரட்டைப் பிறவிகள். 2002-லேயே இஸ்ரேல் ஆய்வாளர்கள் இருவர் 'மைக்ரோசாஃப்ட்' என்ற பெயரைச் சிரிலிக் எழுத்துகள் கலந்து பதிவுசெய்து காட்டினார்கள். 2017-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் முழுக்க முழுக்கச் சிரிலிக் எழுத்துகளிலேயே 'ஆப்பிள்.காம்' பதிவுசெய்தார். அன்றைய குரோம், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. குரோம் பிறகு அதைச் சரிசெய்தது. இத்தகைய முகவரிகள் கம்ப்யூட்டருக்குள் 'எக்ஸ்.என்.' என்ற எழுத்துகளோடு தொடங்கும் சங்கேத வடிவில் இருக்கும். அதற்காக, அப்படித் தொடங்குவதெல்லாம் மோசடி என்று நினைத்துவிடக் கூடாது. '.இந்தியா', '.இலங்கை' என்று தமிழில் முடியும் முகவரிகளும் உள்ளுக்குள் அதே வடிவில்தான் இருக்கின்றன.

தூத்துக்குடி கணக்கும் 6.46 லட்சமும்

தமிழ்நாட்டுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. 2007 செப்டம்பரில், அபுதாபியில் வேலை பார்த்த தமிழர் ஒருவருக்கு ஒரு மெயில் வந்தது. தூத்துக்குடியில் அவர் கணக்கு வைத்திருந்த ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி அனுப்பியதுபோலவே இருந்தது. நம்பி விவரங்களைக் கொடுத்தார். 6.46 லட்சம் ரூபாய் மும்பையில் உள்ள வேறொரு கணக்குக்குப் போய்விட்டது. 'வாடிக்கையாளர்தான் அஜாக்கிரதையாக ரகசியத்தைக் கொடுத்தார்' என்றது வங்கி. அவர் விடவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டின் தீர்ப்பளிக்கும் அதிகாரியிடம் போனார். அந்தப் பொறுப்பு மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளருடையது. 2010 ஏப்ரலில் அன்றைய செயலாளர் பி.டபிள்யூ.சி. டேவிதார், 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி வங்கிக்கு உத்தரவிட்டார். வழக்கு அதன்பிறகு மேல்முறையீட்டில் பல ஆண்டுகள் நீண்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்த மெயிலில் இருந்த பெரிய வேஷம், அனுப்பியவரின் பெயர். லிங்க்குக்கு இருப்பதுபோலவே அனுப்புநருக்கும் ஒரு போர்டு, ஒரு ரூட் என இரண்டு முகங்கள் இருக்கின்றன. போன் திரையில் பெரிதாகத் தெரிவது காட்சிப் பெயர். அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். அதன் பின்னால் இருக்கும் முகவரி, பெயரைத் தட்டினால்தான் தெரியும். வீட்டில் நாம் போடும் ஃபில்டர் பிடிக்கக்கூடியது இதைத்தான்.

ஆயிரம் வேஷத்தைத் துரத்த வேண்டாம்

ஃபில்டர் என்றதும் பலர் செய்வது என்ன? 'லாட்டரி', 'அவசரம்', 'கே.ஒய்.சி.' என்று கெட்ட வார்த்தைப் பட்டியல் போட்டு, அவை வந்தால் அழித்துவிடச் சொல்வது. இரண்டு நாள் வேலை செய்யும். மூன்றாம் நாள் மோசடிக்காரர் வார்த்தையை மாற்றிவிடுவார். அல்லது எழுத்துக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத குறியீடு ஒன்றைச் செருகிவிடுவார், அல்லது மொத்த மெயிலையும் ஒரு படமாகவே அனுப்பிவிடுவார். இடையில், வங்கியிலிருந்து உண்மையாகவே வந்த கே.ஒய்.சி. மெயில் குப்பைக்குப் போயிருக்கும். உலகின் முதல் ஸ்பேம் என்று சொல்லப்படும் மெயில் 1978 மே 3 அன்று, ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தின் விளம்பரமாகச் சுமார் 400 பேருக்குப் போனது. அன்று முதல் இந்தத் துரத்தல் நடக்கிறது. ஸ்பேம், மோசடி, வைரஸ் மெயில்களில் 99.9 சதவீதத்துக்கும் மேல் தடுத்துவிடுவதாகக் கூகுள் சொல்கிறது. மீதி இருக்கும் துளிதான் நம் இன்பாக்ஸுக்கு வருகிறது. கூகுளின் வலையையே தாண்டி வந்ததை, நாம் போடும் வார்த்தைப் பட்டியல் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

ஆனால், கூகுளுக்குத் தெரியாத ஒன்று நமக்குத் தெரியும். நமக்கு எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, எந்த அலுவலகத்திலிருந்து ஓய்வூதியம் வருகிறது, எந்த நிறுவனத்தில் காப்பீடு போட்டிருக்கிறோம் என்பது. ஒரு குடும்பத்துக்குப் பணம் சம்பந்தமாக மெயில் அனுப்ப உரிமை உள்ளவர்களை எண்ணினால் பத்து, பன்னிரண்டு தேறலாம். கல்யாண வீட்டில் மொய் நோட்டு எழுதுவதுபோல இவர்களை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளலாம். இவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு, இவர்களின் முகவரியிலிருந்து வராத எதையும் தனியே உட்கார வைப்பதுதான் நாம் போடப்போகும் ஃபில்டர்.

போடுவது எப்படி?

ஜிமெயிலின் மொபைல் ஆப்பில் ஃபில்டர் உருவாக்க முடியாது. கம்ப்யூட்டரில் செய்ய வேண்டும். ஒருமுறை செய்துவிட்டால் போனுக்கு வரும் மெயிலுக்கும் அது பொருந்தும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்கு வரும் பிள்ளைகள் லேப்டாப்பைத் திறந்து அரை மணி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிடலாம்.

முதலில் பட்டியல். அப்பாவின் இன்பாக்ஸில் ஏற்கெனவே இருக்கும் உண்மையான மெயில்களைத் திறந்து (ஏ.டி.எம்.மில் பணம் எடுத்த அன்று வந்த தகவல், மாதாந்திர ஸ்டேட்மென்ட் போன்றவை), அனுப்புநர் முகவரியில் '@' குறிக்குப் பின்னால் இருப்பதை எழுதிக்கொள்ளுங்கள். இங்கே ஒரு நல்ல சேதி. வங்கிகளுக்கென்றே 'பேங்க்.இன்' என்ற தனி முகவரியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்தது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று உத்தரவும் போட்டது. ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கும் வங்கிகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பெயரை வாங்க முடியாது. 'ஜிஓவி.இன்', 'என்ஐசி.இன்' இரண்டும் அப்படித்தான், அரசுக்கு மட்டும். வெறும் '.இன்' என்பது அப்படியல்ல. சில நூறு ரூபாய் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். என்.எல்.சி.யின் இணையதளம் 'என்எல்சிஇந்தியா.இன்' என்று முடியும். அதில் நடுவில் ஒரு கோடு போட்டோ, 'கேரியர்ஸ்' என்று ஒரு வால் சேர்த்தோ இன்னொருவர் வாங்கிவிட முடியும். வங்கிகளின் இணையதளம் மாறினாலும், சில மெயில்கள் பழைய முகவரியிலிருந்தும் வரக்கூடும். ஆகவே நம் ஊகத்தை நம்பாமல், வந்த மெயிலைப் பார்த்தே எழுதுவது நல்லது.

இனி ஜிமெயிலின் தேடல் பெட்டியின் வலது ஓரத்தில் இருக்கும் சிறு குறியை அழுத்தினால் ஒரு படிவம் விரியும். முதல் ஃபில்டர் அசல்களுக்கானது. 'ஃப்ரம்' கட்டத்தில் எழுதி வைத்த முகவரிகளை இட்டு, இரண்டுக்கு நடுவில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் 'ஆர்' (அல்லது) என்ற சொல்லைப் போடுங்கள். 'கிரியேட் ஃபில்டர்' அழுத்தி, 'அப்ளை த லேபிள்' என்பதைத் தேர்ந்து 'அசல்' என்று ஒரு லேபிள் வையுங்கள். பச்சை நிறம் கொடுத்துவிடலாம். தமிழிலேயே பெயர் வைக்கலாம், ஜிமெயில் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது ஃபில்டர்தான் வலை. 'ஹேஸ் த வேர்ட்ஸ்' கட்டத்தில் வங்கியின் பெயர், ஒரு இடைவெளி, பிறகு மைனஸ் குறி, அதையொட்டியே 'ஃப்ரம்', முக்காற்புள்ளி, வங்கியின் உண்மையான முகவரி. எல்லாம் ஆங்கிலத்தில். 'இந்த வங்கியின் பெயர் மெயிலில் இருக்கிறது, ஆனால் இந்த வங்கியிடமிருந்து வரவில்லை' என்பது இதன் பொருள். வங்கிக்கு இரண்டு முகவரி இருந்தால், இரண்டுக்கும் தனித்தனியாக மைனஸ் போட வேண்டும். இதற்கு 'ஸ்கிப் த இன்பாக்ஸ்' தேர்ந்து, 'சந்தேகம்' என்று சிவப்பு லேபிள் கொடுங்கள். ஓய்வூதியம், பி.எஃப்., என்.எல்.சி. எனப் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபில்டர்.

'கிரியேட்' அழுத்தும் முன் பக்கத்தில் இருக்கும் 'சர்ச்' பொத்தானை ஒருமுறை அழுத்திவிடுங்கள். பழைய மெயில்களில் எவையெல்லாம் இந்த வலையில் சிக்கும் என்று காட்டும். மகள் அனுப்பிய 'அப்பா, எஸ்.பி.ஐ.ல பணம் போட்டுட்டேன்' என்ற மெயிலும் அதில் இருக்கலாம். அப்படியானால் மகளின் முகவரியையும் மைனஸில் சேர்த்துவிட வேண்டியதுதான். இந்த ஒத்திகை பார்க்காமல் ஃபில்டர் போடுபவர்கள்தான் பிறகு 'மெயிலே வரலை' என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அழிக்கும் கட்டளையைத் தொடவே வேண்டாம். ஃபில்டர் தப்பு செய்யும். அழிந்ததைவிடத் தனியே கிடப்பது மேல். ஃபில்டரின் பட்டியலில் 'ஸ்பேமுக்கு அனுப்பு' என்ற வசதி இல்லை, தேட வேண்டாம். ஆனால் 'ஸ்பேமுக்கு ஒருபோதும் அனுப்பாதே' என்ற வசதி இருக்கிறது. வங்கி மெயில் தவறிவிடக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் பலர் அதை டிக் செய்துவிடுகிறார்கள். ஜிமெயில் மோசடி என்று கண்டுபிடித்த போலியையும் கதவைத் திறந்து உள்ளே விடும் காரியம் இது. குறிப்பாக 'என்.எல்.சி. என்ற சொல் இருந்தால் ஸ்பேமுக்கு அனுப்பாதே' என்று வேலை தேடும் பிள்ளைகள் போட்டு வைப்பது ஆபத்து. அந்தச் சொல்லை எழுதத் தெரிந்த எவருக்கும் அது நுழைவுச்சீட்டு.

வீட்டில் அப்பாவுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். மெயிலைத் திறந்ததும் தலைப்பை ஒட்டிப் பச்சை 'அசல்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் எதையும் அழுத்தக் கூடாது, போன் செய்து கேட்க வேண்டும். முகவரியைப் பின்னாலிருந்து படிப்பது, சிரிலிக் எழுத்து இதெல்லாம் அவர் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை.

ஃபில்டருக்கும் தெரியாதவை

இந்த வலையிலும் ஓட்டைகள் உண்டு. மெயில் முழுக்கப் படமாக இருந்தால் அதில் உள்ள வங்கிப் பெயரை ஃபில்டர் படிப்பது நிச்சயமில்லை. காட்சிப் பெயரிலேயே வங்கியின் மெயில் முகவரியை எழுதி வைக்கும் கில்லாடிகள் இருக்கிறார்கள். ஜிமெயிலின் 'ஃப்ரம்' தேடல் காட்சிப் பெயரையும் சேர்த்தே பார்ப்பதால், அப்படி வருவதற்கு அசல் லேபிள் விழவும் கூடும். எனவே பெரிய தொகை சம்பந்தப்பட்ட மெயில் என்றால், பச்சை லேபிள் இருந்தாலும் அனுப்புநர் பெயரைத் தட்டி முழு முகவரியைப் பார்த்துவிடுவது நல்லது.

உண்மையான முகவரியையே போலியாகப் போட முடியாதா என்று கேட்கலாம். முடியும். தபால் உறையின் பின்னால் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா? அதைச் சரிபார்க்கத்தான் எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்ற மூன்று பரிசோதனைகள் இருக்கின்றன. இந்த முகவரியின் பெயரில் அனுப்ப இந்த சர்வருக்கு அனுமதி உண்டா, வழியில் மெயிலை யாரும் மாற்றினார்களா, தேறாத மெயிலை என்ன செய்யலாம் என்பவற்றை அவை பார்க்கின்றன. பெருமளவில் மெயில் அனுப்புகிறவர்கள் இவற்றைக் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் விதித்திருக்கின்றன. கம்ப்யூட்டரில் மெயிலின் மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்தினால் மூன்றிலும் 'பாஸ்' ஆகியிருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். ஆனால் ஒன்று, திருடன் தன் சொந்தப் பெயரில் வாங்கிய முகவரியிலிருந்து அனுப்பினாலும் அது 'பாஸ்'தான். வண்டிக்கு ஆர்.சி. புக் சரியாக இருக்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம், ஓட்டுபவர் நல்லவர் என்று அல்ல.

பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஏற்றுமதியாளர்கள், சிறு தொழில் செய்பவர்கள் சொந்தப் பெயரில் மெயில் வைத்திருந்தால் இன்னும் கூர்மையான கருவிகள் உண்டு. சர்வரில் இயங்கும் 'ஸ்பேம்அசாசின்' என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு மெயிலுக்கும் மதிப்பெண் போடும். வழக்கமாக 5 மதிப்பெண்ணைத் தொட்டால் அது ஸ்பேம். இன்ன மாதிரி லிங்க் இருந்தால் இத்தனை மதிப்பெண் என்று லிங்க்கின் உள்முகவரியையே குறிவைத்துச் சொந்த விதி எழுதலாம். சர்வரைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டால் செய்து கொடுப்பார். வெளிநாட்டு வாடிக்கையாளர் பெயரில் 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய இன்வாய்ஸை இந்த லிங்க்கில் பாருங்கள்' என்று வந்தால் மட்டும் எந்த ஃபில்டரையும் நம்ப வேண்டாம். பழைய நம்பருக்கு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திருடனும் ஃபில்டர் போடுவான்

பலருக்கும் தெரியாத பகுதி இது. போலி லிங்க்கில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால், உள்ளே வருகிறவர் முதலில் செய்யும் வேலைகளில் ஒன்று, நம் கணக்கில் அவரே ஒரு ஃபில்டர் போடுவது. 'வங்கியிலிருந்து வரும் மெயில்களைப் படித்ததாகக் குறித்து, இன்பாக்ஸுக்கு வராமல் ஒதுக்கு' என்றோ, 'ஒரு பிரதியை இந்த முகவரிக்கு அனுப்பு' என்றோ இருக்கும். பணம் எடுக்கப்பட்ட தகவல் மெயிலில் வந்திருக்கும், நம் கண்ணில் படாது. அவசரமாகப் பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அப்படியே இருக்கும், தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

ஆகவே ஃபில்டர் போட உட்காரும் அதே நாளில், 'செட்டிங்ஸ்' உள்ளே 'ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரஸஸ்' பக்கத்தைத் திறந்து, ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் போடாத ஃபில்டர் ஒன்று அங்கே இருந்தால் அது சாதாரண விஷயமில்லை. பக்கத்திலேயே 'ஃபார்வர்டிங்' பகுதியையும் பாருங்கள். தெரியாத முகவரி இருந்தால் நீக்கிவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் லாக் அவுட் செய்து, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பைப் போட்டுவிட வேண்டும். இந்த வரிசையில் செய்வது நல்லது.

பணம் போய்விட்டால்...

வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டாரிடம் மறைப்பதில்தான் பொழுது போய்விடுகிறது. இங்கே நேரம்தான் பணம். சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு நகரும் முன் அதை முடக்குவதற்கு இருக்கும் வழி அதுதான். 'சைபர்கிரைம்.ஜிஓவி.இன்' தளத்திலும் புகாரைப் பதியலாம். கூடவே வங்கிக்கும் தகவல் சொல்லி, புகார் எண் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே கிடையாது. 4 முதல் 7 வேலை நாள்கள் என்றால் ஒரு வரம்புக்குட்பட்ட இழப்பு உண்டு. வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் அவருடைய இழப்பு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. அதாவது போலி லிங்க்கில் விவரம் கொடுத்துவிட்டவருக்கும், வங்கிக்குச் சொன்ன அந்த நிமிடத்திலிருந்து பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. மெயிலில் புகார் அனுப்பினால் அனுப்பிய நேரம் அதிலேயே பதிவாகியிருக்கும். கிளைக்கு நேரில் போனால் புகார்க் கடிதத்தின் நகலில் தேதியும் நேரமும் எழுதி, முத்திரை வாங்கிக்கொண்டு வர வேண்டும்.